லயத்துக்கு வரும் அக்கா: குற்றக் கும்பல்களில் பெண்களின் வேலை

"பாதாளக் கோஷ்டிகளில் பெண்களுக்கு என்ன வேலை? தலைவனின் மனைவி, காதலி என்பதைத் தவிர வேறு ஏதாவது உண்டா? நம் மலையகத்திலும் இப்படி இருக்கிறதா, இல்லை இதெல்லாம் கொழும்புக் கதையா?" இதுதான் கேள்வி.

வேலை உண்டு. மலையகத்திலும் உண்டு. துப்பாக்கியைத் தேடிக்கொண்டு போனால்தான் கண்ணில் படாது. நான் ஹட்டன் பக்கம் பெண்களுக்கான ஒரு சட்ட உதவி நிலையத்தில் பதினாறு வருடம் வேலை செய்தவள். நீதிமன்ற வாசலிலும் பொலிஸ் நிலைய வாங்கிலும் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக் குசினியிலும் உட்கார்ந்து கேட்டவற்றையும், வழக்குகளுக்காகப் படித்தவற்றையும் வைத்துப் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த கொழும்புக் கதையிலிருந்தே தொடங்குவோம். 2025 பெப்ரவரி 19 ஆம் திகதி புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே பாதாளக் கோஷ்டிக்காரரான கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் சட்டத்தரணி வேடத்தில் வந்திருந்தார். துப்பாக்கி, பக்கங்களைக் குடைந்த ஒரு சட்டப் புத்தகத்துக்குள் இருந்தது. அந்தப் புத்தகத்தை உள்ளே கொண்டுவந்தது சட்டத்தரணி போல உடுத்திருந்த ஒரு பெண் என்று பொலிஸார் சொல்கிறார்கள். அந்தச் சந்தேக நபர் 2025 ஒக்டோபரில் நேபாளத்தில் பிடிபட்டார். அவர் குற்றவாளியா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். செய்திகள் நாள்கணக்கில் அவருடைய முகத்தையும் உடையையும் பற்றியே பேசின. எனக்கோ அந்தப் புத்தகத்தைக் கொண்டுவர ஏன் ஒரு பெண் தேவைப்பட்டார் என்பதுதான் கேள்வியாக இருந்தது. கறுப்புக் கோட்டுப் போட்டு, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்துவரும் பெண்ணை வாசலில் யார் மறிப்பார்கள்? அந்தக் கணக்குத்தான்.

கும்பல்கள் பெண்ணிடமிருந்து எடுத்துக்கொள்வது இதையே. மற்றவர்கள் அவள்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையை. பிள்ளைத்தாய்ச்சியின் பையை யாரும் கிளறுவதில்லை. அம்மாவின் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கை யாரும் சந்தேகிப்பதில்லை. அக்கா என்று கூப்பிடும் ஒருத்தி கேட்டால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்துவிடுவோம். ஆண் மிரட்டி வாங்க வேண்டியதை அவள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே வாங்கிவிடுவாள்.

தலைவிகளே இல்லையா என்றால், இருக்கிறார்கள். இத்தாலியில் இதற்கு நல்ல பதிவுகள் உண்டு. சிசிலியின் மாஃபியாவான கோசா நோஸ்ட்ரா சத்தியப்பிரமாணம் செய்து பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை. நேப்பிள்ஸ் நகரத்து மாஃபியாவான கமோராவில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. அங்கே ரஃபாயேலே குட்டோலோ என்ற தலைவர் சிறையில் இருந்த காலத்தில் வெளியில் அவருடைய அமைப்பைக் கவனித்துக்கொண்டவர் சகோதரி ரொசெட்டா. 1993 இல்தான் பிடிபட்டார். மரியா லிச்சார்தி என்ற இன்னொருவர் 2001 இலும், மறுபடி 2021 இலும் கைதானார். தெற்கே கலாப்ரியாவின் மாஃபியாவான என்ட்ராங்கெட்டா இரத்த உறவிலேயே கட்டப்பட்டது. அங்கே தாயின் வேலை இன்னும் ஆழமானது. யாரைப் பகைக்க வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது அவள்தான். மகளின் கலியாணம் இரண்டு குடும்பங்களின் உடன்படிக்கை. அந்த வட்டத்திலிருந்து வெளியேறிச் சாட்சி சொன்ன லெயா கரோஃபலோவை 2009 இல் மிலானில் கொன்றார்கள். அவருடைய மகள் தன் சொந்தத் தகப்பனுக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னாள்.

இன்னொரு விஷயம். ரெஜியோ கலாப்ரியாவின் சிறுவர் நீதிமன்றம் 2012 அளவில், மாஃபியாக் குடும்பங்களின் பிள்ளைகளை அந்தச் சூழலிலிருந்து பிரித்து வேறு ஊரில் வளர்க்க உத்தரவிடத் தொடங்கியது. முதலில் தாய்மார் கத்தினார்கள். கொஞ்ச காலம் போக, அதே தாய்மார் சிலர் தாங்களாகவே நீதிபதியிடம் வந்து, பிள்ளையோடு என்னையும் வெளியே எடுங்கள் என்று கேட்டார்கள். கும்பலைக் கட்டிக் காத்தவர்கள் அதிலேயே மாட்டியும் இருந்தார்கள். நம் ஊர்க் கதைக்கு இது தேவைப்படும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இங்கே போதைப்பொருள் வழக்குகளில் பெண்கள் இருப்பது அடிமட்டத்தில். வீட்டில் பொதி வைத்திருப்பவள், பக்கெட் பக்கெட்டாகப் பிரித்துக் கொடுப்பவள், தொலைபேசிக்கு வரும் காசைத் தன் பெயரில் எடுத்துக் கொடுப்பவள். 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் இருந்தால் சட்டம் சொல்வது மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. 2022 திருத்தத்துக்குப் பிறகு ஐஸ் என்ற போதைப்பொருள் என்றால் 5 கிராம். 1976 க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை, ஆகவே நடைமுறையில் அது வாழ்நாள் சிறை. சட்டம் கையில் இருந்த எடையைப் பார்க்கிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு தொலைபேசியில் கட்டளையிடுபவன் ஒரு மில்லிகிராமையும் தொடுவதில்லை. தொட்டவள் அவள். பணம் கழுவுதலைத் தடுக்கும் 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விசாரணை தொடங்கினாலும் முதலில் அகப்படுவது அவளுடைய வங்கிக் கணக்கு. அந்தப் பணத்தில் அவளுக்கு எவ்வளவு வந்தது என்று கேட்பவர் குறைவு.

தோட்டத்தில் இதன் பழைய வடிவம் கசிப்பு என்ற கள்ளச் சாராயம். தலவாக்கலைப் பக்கத்துப் பெண் ஒருவர் ஒருநாள் எங்கள் நிலையத்துக்கு ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் நாலாக மடித்த அபராதச் சீட்டுகள், பதினொன்று. எல்லாம் அவர் பெயரில். ஒரு சதமும் அவர் கட்டியதில்லை. ஓடை ஓரம் கசிப்புக் காய்ச்சுபவர்தான் கட்டுவார். புருஷன் விட்டுப்போன பிறகு, கிளாஸ் கணக்கில் விற்றுத் தருவதற்கு இவருக்கு நாள் கூலி. பொலிஸோ மதுவரித் திணைக்களமோ வந்தால் பிடிபடுவதும் வேலையின் ஒரு பகுதி. "வழக்குக்கு ஆள் நான்தான் மிஸ். பேர் மட்டும்தான் என்னுடையது" என்றார். பன்னிரண்டாவது தடவை நீதவான் அபராதத்தோடு நிறுத்தவில்லை. அவர் சிறைக்குப் போன மாதமே அடுத்த லயத்தில் வேறொரு பெண்ணின் வீட்டில் வியாபாரம் நடந்தது. அவரும் புருஷன் இல்லாதவர்.

இதையெல்லாம்விட மலையகத்தில் பெண்கள் முன்னணியில் நிற்கும் தொழில் ஒன்று இருக்கிறது. அதை நாம் குற்றம் என்றே நினைப்பதில்லை, "ஏஜென்சி வேலை" என்கிறோம். அதைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத வேண்டும்.

சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். லயத்துக்கு ஒரு அக்கா வருகிறார். நல்ல சேலை, கையில் பெரிய போன், பிள்ளைகளுக்கு ஒரு சிலிசிலிப் பையில் பிஸ்கட். வெளி ஆள் இல்லை. அதே தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் பிறந்தவர், அல்லது பக்கத்துத் தோட்டத்துக்கு வாக்கப்பட்டவர். நேரே குசினிக்குள் போய்ப் பலகையில் உட்கார்ந்து சாயத் தேத்தண்ணியை வாங்கிக் குடிப்பார். "மாமி, என்னை நம்பி அனுப்புங்க. நான் இருந்த வீட்டுக்குப் பக்கத்து வீடுதான். மேடம் தங்கமானவங்க. இங்க கொழுந்துக் கூடையத் தூக்கி என்னத்தக் கண்டீங்க?" என்பார். போனில் யாரையோ கூப்பிட்டுக் காட்டுவார், பளபளவென்று ஒரு அடுப்படி தெரியும். போகும்போது அவருடைய கைப்பைக்குள் அந்த வீட்டுப் பெண்ணின் அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், ஆறு போட்டோ.

தோட்டத்து நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக்க 2021 வரை போராட வேண்டியிருந்தது. 1,350 ஆக 2024 வரை. அதுவும் பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பெயர், அதாவது அரைநாள் சம்பளம்தான். இந்த நிலையில் ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டால் அக்காவுக்குக் கிடைக்கும் கமிஷன், அவர் ஒரு மாதம் மலையில் நின்று உழைப்பதைவிட அதிகம். அவருக்கு மேலே நகரத்தில் ஒரு சப் ஏஜென்சிக்காரர். அவருக்கு மேலே கொழும்பில் ஒரு அலுவலகம், சில நேரம் அனுமதிப்பத்திரம் உள்ளது, சில நேரம் இல்லாதது. அதற்கும் மேலே வளைகுடாவில் ஒரு அலுவலகம். ஒவ்வொரு படியிலும் ஒரு கை பங்கு எடுக்கிறது. லயத்துக்காரருக்குத் தெரிந்த முகம் ஒன்றே ஒன்று, அந்த அக்கா.

பிடி எங்கே இருக்கிறது என்றால், முற்பணத்தில். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் குடும்பத்துக்கு முன்கூட்டியே ஒரு தொகை வருகிறது. கூரைத் தகரம், அடகில் இருக்கும் தோடு, சீட்டுக் கடன் என்று ஒரே வாரத்தில் அது போய்விடும். அங்கே சம்பளம் தரவில்லை, அடிக்கிறார்கள், கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று அவள் அழுதால், "அப்ப அந்தக் காசைத் திருப்பிக் கட்டுங்க" என்ற பதில் வரும். பாஸ்போர்ட்டைப் பறித்து வைப்பது, வேறு வீட்டுக்குக் கைமாற்றுவது, நாடு மாற்றுவது எல்லாம் இந்தக் கடனை வைத்தே நடக்கிறது. பூட்டுப் போட்ட அறை எல்லா இடத்திலும் தேவைப்படுவதில்லை.

நல்லெண்ணத்தோடு வந்த ஒரு விதி இந்த வியாபாரத்துக்கு எப்படி உரம் போட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மூதூரைச் சேர்ந்த ரிசானா நஃபீக்கை 2013 ஜனவரி 9 ஆம் திகதி சவூதியில் தலை வெட்டிக் கொன்றார்கள். 17 வயதுப் பிள்ளையை, பிறந்த ஆண்டை மாற்றிய பாஸ்போர்ட்டில் பெரியவளாக்கி அனுப்பியிருந்தார்கள். நாடே அழுதது. அந்த ஆண்டு குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நடைமுறை வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது என்றார்கள். 2022 இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். பசி அப்படியே இருக்க, வாசலை மட்டும் மூடினால் என்ன நடக்கும்? பக்க வாசலுக்குக் காவல்காரர் முளைப்பார். அறிக்கையில் பிள்ளையை மறைக்க ஒரு விலை, கையெழுத்துக்கு ஒரு விலை, எதுவும் சரிவராவிட்டால் சுற்றுலா விசா. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு இல்லாமல் சுற்றுலா விசாவில் டுபாய் வழியாக ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட பெண்கள் அங்கே பாதுகாப்பு இல்லத்தில் முடங்கிக் கிடந்த செய்தி 2022 நவம்பரில் வெடித்தது. பதிவு இல்லாதவளுக்குக் காப்புறுதியும் இல்லை, முறைப்பாடு செய்யத் துணிவும் இல்லை. எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் சேரும். தோட்டத்துப் பதிவில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது எழுத்துக்கூட்டல் என்று அலைந்து களைத்த சனத்துக்கு, "கடதாசியெல்லாம் நான் சரிபண்ணித் தாறேன்" என்று சொல்லும் ஒருத்தி தெய்வம் மாதிரித் தெரிவாள்.

இப்போது அந்த அக்கா யார் என்ற கேள்வி. நான் நேரில் பேசிய இப்படிப்பட்ட பெண்களில் பெரும்பாலானோர் முன்பு தாங்களும் அனுப்பப்பட்டவர்கள். ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பொகவந்தலாவைப் பக்கம். பதினான்கு மாதம் ஒரு வீட்டில் இருந்து, கடைசி ஆறு மாதச் சம்பளம் இல்லாமல் திரும்பியவர். வந்து இறங்கிய வாரமே, முற்பணத்தில் பாதியைத் திருப்பிக் கேட்டு சப் ஏஜென்சிக்காரர் ஆள் அனுப்பினார். கையில் இல்லை என்றார். "அப்ப ஆள் பிடித்துத் தா, கழித்துக்கொள்வோம்" என்று பதில் வந்தது. முதல் இரண்டு பேரைச் சேர்த்தது கடனுக்கு. மூன்றாவது ஆளிலிருந்து கமிஷன் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு சேர்த்தது அவருடைய சொந்த விருப்பத்தில். இதை அவரே என்னிடம் இப்படித்தான் பிரித்துச் சொன்னார், நானாகச் சொல்லவில்லை.

பாதிக்கப்பட்டவளா, குற்றவாளியா என்று கேட்பவர்களுக்கு நான் அவரைத்தான் நினைத்துப் பதில் சொல்வேன். இரண்டும், ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டாவதை மன்னிக்க முதலாவதைக் காட்டுவதும் தப்பு, முதலாவதை மறைத்துவிட்டு இரண்டாவதற்கு மட்டும் தண்டிப்பதும் தப்பு. உலக அளவிலும் ஆட்கடத்தல் இந்த விஷயத்தில் தனியாகத் தெரிகிறது. மற்றக் குற்றங்களில் தண்டனை பெறுவோரில் பெண்கள் பத்தில் ஒருவர் அளவில் இருக்க, ஆட்கடத்தலில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள் என்பதை ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகத்தின் அறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. பெண்கள் மற்றப் பெண்களை ஏமாற்றுவதில் கெட்டிக்காரர்கள் என்று சிலர் இதை வாசிக்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது, ஆட்களோடு நேருக்கு நேர் பேசும் வேலையும் கையெழுத்து வைக்கும் வேலையும் பெண்களிடம் தள்ளப்பட்டிருக்கிறது, ஆகவே அவர்களே அகப்படுகிறார்கள் என்பது.

இதில் ஒரு பழைய வாசனையும் அடிக்கிறது. நம் பாட்டன் பூட்டனை இந்த மலைக்குக் கொண்டுவந்ததும் சொந்த ஊர்க்காரரான கங்காணிதான். முற்பணம் கொடுத்து, கடனை ஒரு துண்டில் எழுதி, அந்தத் துண்டோடு ஆளையும் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றினார்கள். துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது 1921 இல். நூறு வருடம் கழித்து, கங்காணி இருந்த இடத்தில் கங்காணி அளவு அதிகாரமும் இல்லாத ஒரு பெண்ணை உட்காரவைத்திருக்கிறார்கள். என் பூட்டியைக் கூட்டிவந்த கங்காணியும் அவருக்கு மாமன் முறைதான் என்று வீட்டில் சொல்வார்கள்.

கொழும்பு வீடுகளுக்குப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் தரகும் இதே பாதையில்தான் ஓடுகிறது. 2021 ஜூலையில் அப்படிப் போன மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு இறந்த பிறகு கொஞ்ச நாள் எல்லோரும் தரகர்களைத் திட்டினார்கள். தரகர் யாரோ ஒரு அந்நியர் என்பதுபோல.

சட்டம் என்ன செய்கிறது? இருக்கிறது, பலமாகவே இருக்கிறது. 2006 இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி ஆட்கடத்தலுக்கு 20 வருடம் வரை சிறை வைத்தார்கள். ஆட்கடத்தலுக்கு எதிரான ஐ.நா. நெறிமுறையை இலங்கை 2015 இல் ஏற்றுறுதி செய்தது. நடைமுறையில், நான் கண்ட முறைப்பாடுகள் மோசடியாகவோ அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆள் சேர்த்ததாகவோதான் பதியப்பட்டன. நிரூபிப்பது லேசு. காசைத் திருப்பிக் கொடுத்தால் முறைப்பாட்டாளரும் இறங்கி வந்துவிடுவார். அக்கா இரண்டு வாரம் விளக்கமறியலில் இருந்து வருவார். அவருக்கு மேலே யார் என்று தோண்டும் வேலை அங்கேயே நின்றுவிடும்.

அவர் வாயைத் திறந்தால்தானே மேலே போகலாம்? பொகவந்தலாவை அக்கா திறந்தார், அதனால்தான் அவர் கதையைச் சொன்னேன். அவரிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. பெயர், பாஸ்போர்ட் இலக்கம், போன திகதி, யாரிடம் எவ்வளவு கொடுத்தது, யார் எவ்வளவு தந்தது, எல்லாம் நீல மையில். சீட்டுப் பிடித்த பழக்கம். ஒன்பது பெயர்கள். ஒன்பதாவது பெயருக்கு நேரே காசு எதுவும் எழுதியிருக்கவில்லை, திகதியும் இல்லை. கேட்டேன். தங்கச்சியின் மகள் என்றார். அவளை அனுப்பச் சொன்ன அன்றுதான் கொப்பியைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்திருக்கிறார். அந்தக் கொப்பியை வைத்துத்தான் விசாரணை நகரத்து அலுவலகம் வரை போனது. அவர்மீதும் வழக்கு இருந்தது, அது நியாயம். ஆனால் லயத்தில் அவர் வீட்டுக் கதவுக்கு இரவில் கல் விழுந்தபோது, போய் நின்றது அவர் அனுப்பிய பெண்களில் ஒருத்தியின் அம்மா.

இப்படி முன்வருபவர்களுக்காக, குற்றங்களால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015 இல் வந்தது, 2023 இன் 10 ஆம் இலக்கச் சட்டமாகப் புதுப்பிக்கப்பட்டது. மிரட்டினால் அதுவே தனிக் குற்றம். மலையகத்தில் இதைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. பெண் கைதானால் உடனே சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள், கட்டணம் கட்ட வசதி இல்லாதவர்களுக்காகவே அது இருக்கிறது. முதல் வாக்குமூலத்திலேயே யார் சொல்லிச் செய்தாள், கடன் இருந்ததா, மிரட்டல் இருந்ததா என்பதைச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்துச் சொன்னால் வக்கீல் சொல்லிக்கொடுத்தது என்பார்கள். அவள் வாசித்து விளங்கக்கூடிய மொழியில் இல்லாத தாளில் கையெழுத்து வைக்கக் கூடாது. எங்கள் பெண்கள் பலர் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிட்டிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுக்கே ஒரு அக்கா வந்தால், அவரைத் துரத்த வேண்டியதில்லை. எந்த ஏஜென்சி, அனுமதிப்பத்திர இலக்கம் என்ன என்று கேளுங்கள். அந்த இலக்கம் உண்மையா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 க்கு அழைத்துக் கேட்கலாம். மூல ஆவணங்களைக் கையில் கொடுக்காதீர்கள், பிரதி போதும். பாஸ்போர்ட் வந்ததும் முதல் பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வீட்டில் இருப்பவர் போனில் வையுங்கள். விசாவில் சுற்றுலா என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிள்ளை அங்கிருந்து அழும்போது எங்களைத் தேடி வந்த பெற்றோரில் பாதிப் பேருக்கு அவள் எந்த நாட்டில் இருக்கிறாள் என்றே சரியாகத் தெரிந்திருக்கவில்லை. பாஸ்போர்ட் இலக்கம் இருந்தவர்களின் பிள்ளைகளைத்தான் எங்களால் விரைவில் கண்டுபிடிக்க முடிந்தது.